விதியும் கேடும்: 'டூம்' என்னும் ஆங்கிலச் சொல்லின் வரலாறு

ஆங்கிலங் கற்கும் மாணவர் நாளும் எடுத்தாளுகின்ற கிங்டம், பிரீடம், விஸ்டம் என்னுஞ் சொற்கள் மூன்றும் ஒரே ஈற்றினைக் கொண்டவை. ஒன்று அரசினையும், மற்றொன்று சுதந்திரத்தையும், மூன்றாவது ஞானத்தையும் குறிக்கும். மேன்மையான பொருளுடைய இச்சொற்களின் ஈறாகிய 'டம்' என்பதும், கேடு, அழிவு, தப்பவொண்ணாத தீயூழ் என்னும் பொருளில் இன்று தனித்து வழங்கும் 'டூம்' என்பதும் தொடக்கத்தில் ஒரே சொல்லாயிருந்தன. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் அச்சொல் 'டோம்' என ஒலித்தது. சட்டம், தீர்ப்பு, தீர்ப்பளிக்கும் அதிகாரம், தன் விருப்பப்படி முடிவு செய்யும் உரிமை, பெரும்புகழ் ஆகிய பொருள்கள் பலவற்றை அது அன்று தாங்கி நின்றது. அப்பொருள்கள் யாவும் ஒவ்வொன்றாக நீங்க, கேடு என்பதொன்றே அதன்பால் எஞ்சியமைக்குக் காரணம் இலக்கண நூல்களில் மட்டும் அடங்குவதன்று. இங்கிலாந்தின் அரசியல் வரலாற்றிலும் தேடற்பாலது.

சொல்லின் பிறப்பு முதற்கண் நோக்கத்தக்கது. வடமொழி, கிரேக்கம், இலத்தீன் ஆகியன ஒரு பொதுமூலத்தினின்றும் கிளைத்திருத்தல் வேண்டுமென வில்லியம் யோன்ஸ் 1786ஆம் ஆண்டிற் கல்கத்தாவிற் கூறியபின், ஐரோப்பிய மொழிகளின் வேர்களை ஒப்புநோக்கும் முயற்சி வளர்ந்தது. அம்முயற்சியாற் பெறப்பட்ட முடிபின்படி 'டோம்' என்பது 'வைத்தல், நிறுத்துதல்' என்னும் பொருளுடைய ஒரு தொல்வேரிற் பிறந்தது. ஆங்கிலத்திற் 'செய்' என்னும் பொருள்தரும் 'டூ' என்ற வினையும், கிரேக்கர் நீதித்தெய்வத்திற்கு இட்ட 'தெமிஸ்' என்ற பெயரும், வடமொழியில் 'தா' என்னும் வினையடியும் அவ்வேரின் கிளைகளே. ஆகவே 'டோம்' என்பதன் முதற்பொருள் 'நிலைபெற வைக்கப்பட்டது' என்பதாகும். தருமம் என்னுஞ் சொல்லை இதனோடு சேர்த்தெண்ணுதல் தவறு. அது 'தாங்குதல்' என்னும் பொருளதாகிய வேறோர் அடியிற் பிறந்தது. ஆனால் தமிழிற் புகுந்து வேரூன்றிவிட்ட 'விதி' என்னுஞ் சொல் மெய்யாகவே இதற்கு உறவு. 'தா' என்னும் அடியே 'வி' என்ற முன்னொட்டுப் பெற்று அச்சொல்லாயிற்று. புணர்ச்சிக்கு இலக்கண நூலார் வகுப்பதும் விதி. நீதிபதி தண்டத்தை விதிக்கின்றார். நெற்றியில் எழுதப்பட்டதாகக் கருதப்படுவதும் விதி. தமிழிலே ஒரு சொல்லில் இன்றும் ஒருங்கு வாழும் இவ்விரு பொருள்களுள் ஒன்று ஆங்கிலத்தில் இறந்துபட்டது. இறந்தவாறு எங்ஙனம் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

ஆங்கில மொழியிற் சட்டம் முதன்முதல் எழுத்தில் வந்தது கென்ற் நாட்டரசன் எதெல்பேட் காலத்தில். உரோமாபுரியினின்றும் புறப்பட்ட ஒகஸ்தீன் 597இல் அந்நாட்டை அடைந்தார். அதனையடுத்து எதெல்பேட், உரோமர் முறையைப் பின்பற்றி அறிஞர் அவையின் இசைவுடன் தீர்ப்புகளை வகுத்து ஆங்கிலத்தில் எழுதுவித்தான் எனப் பீட் என்னுந் துறவி 731இல் நிறைவுசெய்த திருச்சபை வரலாற்றிற் கூறியுள்ளார். அச்சட்டம் இன்று ஒரேயொரு படியிற் கிடைக்கின்றது. அது 1120ஆம் ஆண்டுகளில் உரொச்செஸ்ரர் மடத்தில் எழுதப்பட்டது. அதன் தலைப்புக் குறிப்பு, இவை எதெல்பேட் 'வைத்த' டோம்கள் என உரைக்கும். வைத்தல் என்னும் வேர்ப்பொருள் அவ்வினையில் மீண்டும் வெளிப்படுதல் காண்க.

அந்நூலிற் பொதுநீதி எதுவும் பேசப்படவில்லை. காயங்களின் விலைப்பட்டியல் போலவே அது தோன்றும். பெருவிரலைத் துணித்தவன் 20 சிலிங், அதன் நகத்தைப் பெயர்த்தவன் 3 சிலிங், அம்பெய்யும் விரலைத் துணித்தவன் 8 சிலிங் இறுத்தல் வேண்டும். நடுவிரலுக்கு 4, மோதிரவிரலுக்கு 6, சிறுவிரலுக்கோ 11. கண்ணொன்று 50 சிலிங் பெறும். இன்றைய வாசகர் இதனைக் கண்டு நகைத்தலுங் கூடும். ஆனால் இப்பட்டியலின் ஒவ்வொரு வரியும் ஒரு குருதிப் பழியை நிறுத்துதற்கு இடப்பட்ட வேலியாகும். விரலிழந்தவனின் சுற்றத்தார் வாளேந்திப் புறப்படுமுன் அவர்க்கு உரியது இவ்வளவென முன்னரே வைத்துவிட்டால், மேலும் ஒரு கை விழாமற் காக்கலாம். இத்தகைய தீர்ப்பின் பெயரே டோம். என்றி மெயின் என்னும் சட்ட அறிஞர் 1861இல் வெளியிட்ட பண்டைச் சட்டம் பற்றிய நூலிலே, மனித சமுதாயத்தில் தீர்ப்பே முந்தியது, சட்டம் பிந்தியது எனக் கிரேக்கரின் 'தெமிஸ்' என்ற சொல்லைக் கொண்டு நிறுவ முயன்றார். அவர் கூற்று முழுவதையும் இன்றைய ஆய்வாளர் ஏற்பதில்லை. எனினும், அச்சொல்லின் உறவாகிய டோம் தீர்ப்பையும் சட்டத்தையும் வேறுபடுத்தாது குறித்தமை அவர் கருத்துக்கு அரண் செய்வதேயாம்.

தீர்ப்புரைத்தவர் யாவர் என்பதும் அறியற்பாலது. அக்காலத்து வழக்கு மன்றத்தில் இன்றுள்ளதுபோல் ஒரு நீதிபதி தனித்திருந்து முடிவு கூறவில்லை. 'ஹண்ட்றட்' எனப்பட்ட ஊர்த்தொகுதியின் மன்று பத்தாம் நூற்றாண்டில் நான்கு கிழமைக்கொருமுறை கூடிற்று. அரசனின் அலுவலன் தலைமை தாங்குவான். டோம் இன்னதென உரைப்பவர் அங்குக் கூடிய அவ்விடத்து மக்களே. அவர்கள் பேசியதும் தீர்ப்புரைத்ததும் தம் தாய்மொழியில்.

இச்சொல்லின் பொற்காலம் அல்பிரட் மன்னன் காலமெனல் பொருந்தும். 871 முதல் 899 வரை வெசெக்ஸ் நாட்டை ஆண்ட அவன், தேனியர் படையெடுப்பினால் மடங்கள் எரிந்து கல்வி குன்றியிருந்த நாட்டிலே ஒரு 'டோம்-போக்', அதாவது தீர்ப்பு நூல், தொகுத்தான். அதன் முகவுரையில் மோசேயின் பத்துக் கட்டளைகளும் யாத்திராகமச் சட்டங்களும் ஆங்கிலத்தில் தரப்பட்டுள்ளன. பிறர் தனக்குச் செய்யலாகாதென ஒருவன் எண்ணுவதைத் தானும் பிறர்க்குச் செய்யாதிருத்தல் என்னும் ஒரு நெறியை மனத்திற் கொள்வானாயின், நேரிய தீர்ப்புரைப்பதற்கு அவனுக்கு வேறு டோம்-போக் தேவையில்லை என்றும் அங்குக் கூறப்படுகின்றது. சட்டநூல் தொகுத்தவனே சட்டநூல் வேண்டாமைக்கும் வழி கூறியது வியத்தற்குரியது. முன்னோர் சட்டங்களுள் மிக நேரியவற்றைத் திரட்டினதாகவும், பின்வருவோர்க்கு எது உவப்பாகுமென அறியாமையால் தன்னுடையவற்றை மிகுதியாக எழுதத் துணியவில்லையெனவும் அவன் கூறும் அடக்கம் அரசரிடத்திற் காண்டற்கரியது.

அல்பிரட்டின் வரலாற்றை 893இல் எழுதிய அசர் என்னும் ஆயர், கல்விப் பணியிலுள்ளோர் நினைவிற் கொள்ளத்தக்க செய்தியொன்றைத் தருகின்றார். நாடெங்கும் வழங்கப்பட்ட தீர்ப்புகளை அரசன் ஆராய்வான். கோடியது ஒன்றைக் காணின், அதனை உரைத்தவரை அழைத்து, அறியாமையாற் செய்தீரோ, கைக்கூலிக்கோ பகைமைக்கோ செய்தீரோ என வினாவுவான். அறியாமையே காரணம் என்பவரை நோக்கி, ஞானிகளுக்குரிய இருக்கையில் அமர்ந்துகொண்டு ஞானத்தைத் தேடாது விட்டீரே, இன்றே பதவியைத் துறந்துவிடும், அன்றேல் படிக்கத் தொடங்கும் எனக் கடிந்துரைப்பான். இளமையில் ஏட்டையே தொட்டறியாத பெருந்தலைவர் பலர், பதவியை இழப்பதிலும் படிப்பது நன்றெனக் கருதி எழுத்துக் கற்கப் புகுந்தனராம். முதுமையால் அதற்கும் இயலாதவர், முன்னரே எழுத்தறிந்த தம் மகனையோ உறவினனையோ அடிமையையோ கொண்டு இரவும் பகலும் ஆங்கில நூல்களை வாசிப்பித்துக் கேட்டனர். அல்பிரட்டின் மகன் எட்வேட்டு தன் அலுவலர்க்கு விடுத்த ஆணையிலும், டோம்-போக்கில் உள்ளவாறு நேரிய டோம் வழங்குக என்றே காண்கின்றது. சட்டமும் கல்வியும் மன்றமும் நாட்டு மொழியிலேயே இயங்கிய இத்தகைய நிலை, அக்கால ஐரோப்பாவில் மிக அரிது.

இனி, அச்சொல்லின் ஏனைப் பொருள்களைக் காண்போம். விருப்பப்படி முடிவு செய்யும் உரிமை என்னும் பொருளுக்கு ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பு சிறந்த சான்று. 786இல் வெசெக்ஸ் அரசன் கினவுல்பு என்பானைக் கினெகேட் என்பவன் கொன்றான். மறுநாள் அரசனின் வீரர் கோட்டையைச் சூழ்ந்தபோது, தன்னை அரசனாக ஏற்பீராயின் பொன்னும் நிலமும் உம் சொந்த டோமின்படி தருவேன் என்றான். வேண்டுமளவை நீரே கூறுக என்பது கருத்து. தம் தலைவனிலும் இனிய உறவினர் தமக்கில்லை, அவனைக் கொன்றானைத் தாம் பின்பற்றோம் என மறுத்து அவர்கள் போரிட்டனர். 991இல் எசெக்ஸ் கரையில் மோல்டன் என்னுமிடத்தில் நிகழ்ந்த போரைப் பற்றிய பாட்டிலும் இச்சொல் இப்பொருளில் வருகின்றது. ஆனால் அங்கு நிலை தலைகீழ். கப்பலில் வந்த பகைவர், தம் டோமின்படி தமக்குத் திறை தருமாறு கேட்கின்றனர். முன்னதிலே டோம் கொடையாக வழங்கப்பட்டது. பின்னதிலே வாள்முனையிற் கோரப்பட்டது. விலையைக் குறிக்கும் உரிமை எவன் கையிலுளதோ அவனே டோமுக்கு உடையவன்.

புகழ் என்னும் பொருள் 'பெயோவுல்பு' காவியத்திற் பயின்று வரும். இறப்பு எவர்க்கும் உறுதியாகலின் அதற்குமுன் இயன்றவன் டோம் ஈட்டுக என, ஆருயிர்த் துணைவனை இழந்து வருந்தும் அரசனை வீரன் தேற்றுகின்றான். புகழென்பது ஒருவனைப் பற்றிப் பிறர் உரைக்கும் தீர்ப்பாதலின், பொருள் தாவியமை இயல்பே. காவிய முடிவில் வீரனது உயிர் வாய்மையாளரின் டோமைத் தேடிச் சென்றது என்கிறார் புலவர். அது வாய்மையாளர் அடையும் கடவுட் தீர்ப்போ, அவர்கள் வழங்கும் புகழோ என்பது இன்றும் தீராத ஐயம். ரொல்கீன் 1936இல் ஆற்றிய புகழ்பெற்ற சொற்பொழிவின் பின்னிணைப்பில் இதனை ஆராய்ந்துள்ளார். 735இல் மரணப் படுக்கையிற் கிடந்த பீட் ஆங்கிலத்திற் பாடியதாகக் கூறப்படும் ஐந்தடிப் பாட்டோ ஐயத்துக்கு இடந்தராது. இறந்தபின் தன் உயிர் எவ்வாறு தீர்க்கப்படும் என்ற எண்ணத்துடன் அது முடிகின்றது. அங்கு வரும் வினை 'டேமன்'. இக்கால ஆங்கிலத்தில் அது 'டீம்'. 'பூட்' என்னும் ஒருமை பன்மையில் 'பீற்' ஆவதுபோன்ற உயிர்த்திரிபே டூம், டீம் என்பனவற்றிடையும் உளது.

ஈறாக நின்ற டோமைப் பற்றி விரித்தல் வேண்டா. அதிகார எல்லையையும் நிலையையும் குறிக்கும் அவ்வீறு, விஸ்டம் என்ற சொல்லிற்போலவே அடிமைத்தனத்தைக் குறித்த 'தேயோடோம்' என்ற சொல்லிலும் ஒட்டியது. உயர்வு தாழ்வு அதற்கில்லை. பிற சொற்களின் நிழலில் ஒதுங்கியமையால் அது பின்னர் வந்த புயலுக்குத் தப்பிற்று.

தனித்து நின்ற டோமை முதலில் ஒதுக்கியது ஓர் அயற்சொல். வடகடலைத் தாண்டி வந்து கிழக்கிலும் வடக்கிலும் குடியேறிய தேனியர், 'லாகு' என்னும் நோர்சு மொழிச் சொல்லை உடன் கொணர்ந்தனர். அதுவே இன்று 'லோ' என வழங்குவது. டோமைப் போலவே அதுவும் 'இடப்பட்டது' என்னும் பொருளுடையது. 1023இல் இறந்த யோர்க் பேராயர் வுல்பஸ்தன் அரசர் இருவர்க்குச் சட்டம் வரைந்தபோது அச்சொல்லையே பெரிதும் ஆண்டார். பொதுச்சட்டம் 'லாகு' ஆக, மன்றில் உரைக்கும் தீர்ப்பு மட்டும் டோம் ஆக நின்றது. இத்துடன் நின்றிருப்பின் கேடில்லை. உடன்பிறந்தார் இருவர் வீட்டைப் பகிர்ந்துகொண்டதை ஒக்கும்.

இரண்டாவது அடியே உயிர்நிலையைத் தாக்கியது. 1066இல் நோர்மண்டிக் கோமகன் வில்லியம் இங்கிலாந்தைக் கைப்பற்றினான். அடுத்த ஆண்டில் அவன் இலண்டன் நகரத்தார்க்கு அளித்த சிறு ஆணை ஆங்கிலத்திலேயே உள்ளது; முன்னைய அரசன் காலத்துச் சட்டவுரிமை யாவற்றுக்கும் நீவிர் உரியீர் என உறுதி கூறும் அதில் வருஞ் சொல் 'லாகு'. 1070ஐ அடுத்து அரச ஆணைகள் இலத்தீனுக்கு மாறின. பெருநிலமுடையோர், ஆயர், மன்றத் தலைவர் ஆகியோர் பிரெஞ்சு பேசுவோராயினர்.

1085ஆம் ஆண்டு நத்தார் காலத்தில் வில்லியம் குளொஸ்ரரில் அவை கூட்டி, நாட்டின் நிலம் முழுவதையும் கணக்கெடுக்கப் பணித்தான். அடுத்த ஆண்டு ஆணையாளர் சென்று, எட்வேட்டு மன்னன் காலத்தில் இந்நிலம் எவருடையது, இன்று எவருடையது, அன்று என்ன பெறுமதி, இன்று என்ன பெறுமதி என வினாவினர். ஓர் எருதோ பசுவோ பன்றியோ விடுபடவில்லை. இதனைச் சொல்லவும் வெட்கமே என ஆங்கில ஆண்டுக்குறிப்பு மனம் வெதும்புகின்றது. எழுதிமுடித்த ஏடுகளைப் பார்க்கின், நேரே அரசனிடமிருந்து பெருநிலம் பெற்ற ஆங்கிலேயர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. நூல் முழுவதும் இலத்தீன். பெயர் மட்டும் ஆங்கிலம்: 'டூம்ஸ்டே புக்'. அப்பெயரை அரசன் இடவில்லை. இறுதிநாளில் வழங்கப்படுந் தீர்ப்புக்கு மேன்முறையீடு இல்லாமைபோல இந்நூலின் கூற்றுக்கும் மறுப்பில்லை என்பதுபற்றி நாட்டு மக்கள் அவ்வாறு அழைத்தனர் என, அரச திறைசேரியின் தலைவராயிருந்த உரிச்சாட் பிட்ஸ்நீல் 1170களின் பிற்பகுதியில் எழுதிய நூலில் விளக்கியுள்ளார். கத்தோலிக்கத் தமிழர் இறுதித் தீர்ப்பை 'நடுத்தீர்வை' என்பர். அரசிறையும் தமிழில் 'தீர்வை' எனப்படும். அவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்திய நூல் டூம்ஸ்டே.

ஊர்மன்றில் தாமே உரைத்து வந்த டோமை அம்மக்கள் இப்போது தம்மேல் உரைக்கப்படுவதாகக் கண்டனர். சொல்லின் வரலாற்றில் இதுவே திருப்பம். எனினும் அந்நூலை அவர்கள் முற்றும் அஞ்சி ஒதுங்கவுமில்லை. 1377இல் தென்னிங்கிலாந்தின் ஊரவர் பலர் பணந்திரட்டி, டூம்ஸ்டே ஏட்டின் சான்றுப்படிகளை அரசிடம் பெற்று, தம் ஊர் பண்டு அரசனின் சொந்த நிலமாகலின் நிலப்பிரபுவுக்குத் தாம் ஊழியஞ் செய்யவேண்டுவதில்லையென வாதிட்டனர். நிலவுடைமையாளர் கலங்கிப் பாராளுமன்றத்தில் முறையிட்டனர்.

நோர்மானியர் வந்த முந்நூறு ஆண்டுகளில் ஜட்ஜ், ஜஸ்ரிஸ், கோர்ட், சென்ரென்ஸ் முதலாய பிரெஞ்சுச் சொற்கள் மன்றில் நிலைத்துவிட்டன. பிரெஞ்சு மொழி நாட்டிற் பலர்க்கு விளங்காமையால் வழக்குகள் ஆங்கிலத்தில் வாதிக்கப்படுதல் வேண்டுமென 1362இற் சட்டம் பிறந்தது. அச்சட்டமும் பிரெஞ்சிலேயே எழுதப்பட்டதென்பது வரலாற்றின் நகை. மன்றங்களின் ஏடுகள் இலத்தீனை விட்டு ஆங்கிலத்துக்கு நிலையாக மாறியதோ 1733இல். இவ்வாறு ஆங்கிலம் மன்றத்துக்கு மீண்டது, டூம் மீளவில்லை. அதன் இருக்கையில் வேறொரு சொல் அமர்ந்துவிட்டது. பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் விக்கிளிப் குழுவினர் செய்த விவிலிய மொழிபெயர்ப்பில் தீர்ப்பைக் குறிக்க டூம் இன்னும் ஆளப்படுகின்றது. 1526இல் அச்சேறிய ரிண்டேலின் மொழிபெயர்ப்பில் அவ்விடங்களைப் பிரெஞ்சு வழிச்சொல் பற்றிக்கொண்டது.

மன்றை இழந்த சொல் கோயிலிற் புகலடைந்தது. இடைக்காலத் தேவாலயச் சுவர்களில் இறுதித் தீர்ப்பைத் தீட்டிய ஓவியத்திற்கு 'டூம்' என்றே பெயர். உடையின்றி நிற்கும் அரசனும் ஆயரும் முடிகளால் மட்டும் அறியப்படுவர். ஒருபுறம் வானகம், மறுபுறம் வாய்பிளந்த நரகம். எழுத்தறியா மக்கள் ஆண்டாண்டாக அண்ணாந்து நோக்கிய படம் அதுவாகலின், நெஞ்சில் ஆழப் பதிந்தது நரகமே போலும். சமயச் சீர்திருத்த காலத்தில் இவற்றின்மேற் சுண்ணம் பூசினர். சபோக் மாவட்டத்து வென்ஹாஸ்ரன் என்னும் ஊரில், பலகையில் வரையப்பட்ட அத்தகைய ஓவியமொன்று 1892இல் பழம்பலகை எனக் கருதிக் கோயிற்புறத்தே எறியப்பட்டது. இரவு பெய்த மழை சுண்ணத்தைக் கழுவ, விடியலில் டூம் வெளிப்பட்டுக் கிடந்தது.

சேக்ஸ்பியர் காலத்தில் இச்சொல் இருபொருளின் எல்லையில் நின்றது. இளவரசரின் டூம் யாதென உரோமியோ பாதிரியாரை வினாவுகையில் அது தீர்ப்பே. ஆனால் அவன் எதிர்நோக்குவது தண்டனையை. மாக்பெத்தில் அது உலக முடிவின் இடியோசை. தீர்ப்பு தண்டனையாகி, தண்டனை ஊழாகி, ஊழ் கேடாக முடிந்த வழி இதுவாம். ஊழுக்குப் பழைய ஆங்கிலத்தில் 'வியூர்ட்' என்ற தனிச்சொல் இருந்தது. மாக்பெத்தின் சூனியக்காரிகளைச் சுட்டும் 'வியேட்' என்னும் அடைமொழி அதன் வழிவந்ததே. அதுவும் இன்று 'விசித்திரமான' என்ற அளவிற்குத் தாழ்ந்துவிட்டது.

பழம்பொருள் முற்றும் மறைந்ததென்றுங் கூறவியலாது. சட்டவாசகங்களில் ஒன்றை இன்னதெனக் கொள்ளவேண்டும் என்பதற்கு வரும் 'டீம்' என்னும் வினை, இலங்கைச் சட்டநூல்களைப் புரட்டுவோர்க்கும் பழகியதே. ஸ்கொத்லாந்து மன்றங்களில் நீதிபதியின் முடிவை உரத்துக் கூறுதற்கெனவே 'டெம்ஸ்ரர்' என்னும் அலுவலன் இருந்தான். உயர் குற்றவியல் மன்றில் அப்பதவி 1773இல் ஒழிக்கப்பட்டது. கொலைத்தண்டம் கூறியவனே தூக்கிலிடுவோனாகவும் இருந்தமையால் அவனைக் கண்டோர் நடுங்கினர் என்பதை வால்ரர் ஸ்கொட் 1818இல் வெளியிட்ட 'மிட்லோதியனின் இருதயம்' என்னும் நாவலிற் காட்டுகின்றார். இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடைப்பட்ட மான் தீவிலோ உயர்மன்ற நீதிபதிகளின் பதவிப்பெயர் இன்றும் 'டீம்ஸ்ரர்' என்பதே. ஏரிங் மீனின் முதுகெலும்பு அதன் உடலின் நடுவே கிடப்பதுபோல் இருதிறத்தார்க்கும் நடுவாக நின்று சட்டத்தை நிறைவேற்றுவதாக அவர்கள் பதவியேற்கும்போது சத்தியஞ் செய்கின்றனர். நடுவுநிலைமைக்குத் துலாக்கோலை உவமை கூறிப் பழகியோர்க்கு இது புதுமையாகத் தோன்றலாம். மீன்பிடித்து வாழ்ந்த தீவினர் வாயில் இயல்பாகவே வந்தது. அத்தீவின் பாராளுமன்றமாகிய தின்வோல்ட் ஆண்டுதோறும் யூலைத் திங்களிற் படிகள் அமைந்த ஒரு சிறு குன்றின்மேல் திறந்தவெளியிற் கூடுகின்றது. அவ்வாண்டிற் புதிதாக இயற்றிய சட்டங்களின் பெயரும் கருத்தும், கூடிநிற்கும் மக்கள் கேட்குமாறு, ஆங்கிலத்திலும் அத்தீவின் பழைய மாங்க்ஸ் மொழியிலும் அங்கு வாசிக்கப்படுகின்றன.